இரண்டு விரற்கடை மேலே நின்ற கை

லாகூரில் நாற்பது வயதைத் தாண்டிய எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள், தஜம்முல் பேக்கின் வலது கை தனக்கு ஆசி கொடுத்திருக்கிறது என்று. கொடுத்தது டிவி பெட்டிக்குள்ளிருந்துதான். அதனால் என்ன? எட்டு மணி நாடகத்தில் அவர் தன் மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது, வீட்டுக்கு வீடு பெண்கள் தம்மையறியாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆனால் கூத்தைக் கேளுங்கள். அந்தக் கை இத்தனை வருடத்தில் ஒரு நடிகையின் தலையைக்கூடத் தொட்டதில்லை. முக்காட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே வந்து நின்றுவிடும். அங்கேயே நின்று லேசாக நடுங்கும். நாடு முழுக்க மூக்கைச் சிந்தும்.

பேக் சாஹிப் கிழவரானதே தனிக் கதை. முகல்புரா ரயில்வே பணிமனையில் குமாஸ்தாவாக இருந்தவர். குரல் நன்றாக இருக்கிறதே என்று யாரோ வானொலிக்கு இழுத்துக்கொண்டு போக, அங்கிருந்து டிவிக்குத் தாவினார். கதாநாயகன் வேஷம் கேட்கத்தான் போனார், பாவம். புதுச் சட்டை, காதோரம் அத்தர், கையில் இரவல் கைக்கடிகாரம். தயாரிப்பாளர் வகார் சாஹிப் அவரை மேலும் கீழும் பார்த்தார். பார்வை நெற்றியில் ஏறி, ஏறி, உச்சந்தலை வரைக்கும் தடையில்லாமல் போனது.

"முடி எங்கப்பா போச்சு?"

"பரம்பரை, ஜனாப்."

"நல்லதாப் போச்சு. அப்பா வேஷக்காரர் வயித்தாலே போய் ஆஸ்பத்திரியிலே கெடக்கார். உக்காரு."

இருபத்தெட்டு வயதில் மிச்ச முடி நரைத்துத் தெரிய டால்கம் பவுடரைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்தான். மகளாக நடித்த பெண் அவரைவிட ஒரு வயது மூத்தவள். நாடகம் ஒளிபரப்பான மறுநாளே அனார்கலி கடைத்தெருவில் ஒருவன் ஓடிவந்து, "பாத்துப் போங்க அப்பாஜி, பள்ளம் இருக்கு" என்று முழங்கையைப் பிடித்துச் சாலையைக் கடத்திவிட்டான். அதற்கப்புறம் இந்த நாடு அவரை ஒரு நாளும் இளைஞனாக இருக்க விடவில்லை. ரஃபியாவைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியபோது, "என்னங்க அநியாயம், அந்தக் கெழவனுக்கா எம் பொண்ணு?" என்று அவள் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாளாம். மாப்பிள்ளையே நேரில் போய், தண்ணீரில் தலையைக் கழுவிக் காட்டிய பிறகுதான் அந்த அம்மாள் ஷர்பத் கொடுத்தாள்.

இனி கை. அந்தச் சமயம் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்திருந்தது. திரையில் ஆணும் பெண்ணும் தொடக்கூடாது. கணவன் மனைவியாக நடித்தாலும் கூடாது, அப்பா மகளாக நடித்தாலும் கூடாது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு வாரம் ஒத்திகை பார்த்தபோது யாருக்கும் இது உறைக்கவில்லை. ஒளிப்பதிவு அன்று, மகளை அனுப்பும் காட்சியில், பேக் சாஹிப்பின் கை இயல்பாக மேலே போய், அவள் தலையை நோக்கி இறங்கியது. மேலே கண்ணாடி அறைக்குள்ளிருந்து வகார் சாஹிப்பின் குரல் ஒலிபெருக்கியில் அலறியது.

"கை! பேக்! கை! என் வேலைக்கு உலை வெச்சுடாதேய்யா!"

கை அப்படியே நின்றது. எடுப்பதா வைப்பதா என்று அதற்கே தெரியவில்லை. பயத்தில் நடுங்கியது. வகார் சாஹிப்பின் கூச்சலை மட்டும் நறுக்கிவிட்டு, மிச்சத்தை அப்படியே ஒளிபரப்பினார்கள்.

அட, என்ன அழுகை அழுதது ஊர்! "தொட்டா உடைஞ்சு போயிடுவோம்னுதானே தொடலே அந்த மனுஷன்" என்று ஒருத்தி சொல்ல, அதையே எல்லாரும் சொல்லத் தொடங்கினார்கள். பத்திரிகையில் ஒரு பேராசிரியர் அந்த இரண்டு விரற்கடை இடைவெளியைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தள்ளினார். பேக் சாஹிப் அதைப் படித்துவிட்டு, "நான் இவ்வளவு யோசிச்சேனா என்ன?" என்று ரஃபியாவைக் கேட்டார்.

அன்றைக்குப் பிடித்தது யோகம். ஒவ்வொரு நாடகத்திலும் அந்தக் கை வேண்டும் என்றார்கள். உத்தரவு போட்டவர்கள் போனார்கள், வேறு ஆட்கள் வந்தார்கள், திரையில் என்னென்னவோ தொட்டார்கள், கட்டிப்பிடித்தார்கள். பேக் சாஹிப்பின் கை மட்டும் பழைய உத்தரவுக்கே கட்டுப்பட்டு நின்றது. கதை அதோடு முடிந்தாலும் பரவாயில்லை. லாகூர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? நிஜக் கல்யாணங்களிலும் பெண்ணைப் பெற்றவர்கள் இரண்டு விரற்கடை மேலே கையை நிறுத்தி நடுங்கத் தொடங்கிவிட்டார்கள். புகைப்படக்காரனே, "அப்படியே பேக் சாஹிப் மாதிரி நில்லுங்க ஹாஜி சாஹிப், இன்னும் கொஞ்சம் நடுங்குங்க" என்று கேட்டு வாங்கினான்.

இதெல்லாம் வேடிக்கைதான், தன் மகள் அஃப்ஷானின் கல்யாணம் வரும் வரைக்கும்.

அஃப்ஷான் ஒரே மகள். வாய்த்துடுக்கு அம்மாவிடமிருந்து, உயர்ந்த நெற்றி அப்பாவிடமிருந்து. குஜ்ரான்வாலாவில் மாப்பிள்ளை. பெண்ணை அனுப்பும் நேரம் வந்தது. மாமா அவள் தலைக்கு மேல் குர்ஆனைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிவப்பு முக்காட்டுக்குள் அவள் தலை குனிந்து காத்திருந்தது. பேக் சாஹிப் கையைத் தூக்கினார். கை இறங்கியது. இரண்டு விரற்கடை மேலே, பழகிய இடத்தில், பழகிய மாதிரி நின்றது. லேசாக நடுங்கியது.

பந்தலே கை தட்டியது! "வாஹ் வாஹ்! என்னா மனுஷன்யா!" என்று பின் வரிசையில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். முக்காட்டுக்குள்ளிருந்து அஃப்ஷான் மெல்லிய குரலில் சொன்னாள், "அப்பா, இங்கே டிவி கேமரா இல்லே." அவர் சிரித்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். கார் கதவு சாத்திக்கொண்டது, வண்டி போய்விட்டது. கை வைக்கப்படவே இல்லை.

அன்றிலிருந்து அது வீட்டுக் கேலி ஆயிற்று. பெருநாளுக்கு வந்தால், சமையலறையிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு வரும்போதே, "தாத்தா பக்கத்திலே போகாதீங்கடா, இவரு கை காத்திலேதான் நிக்கும்" என்பாள் தன் பையன்களிடம். அவரும் கூடச் சிரிப்பார். இருபது வருடம் இப்படியே போனது.

இந்தக் காலத்து நாடகங்களுக்கு அப்பாக்கள் வேண்டாம். முதல் பகுதியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிடுகிறார்கள். பேக் சாஹிப்பும் ஒரு சானலில் வாந்தி எடுத்துச் செத்தார், இன்னொன்றில் மாடிப்படியில் உருண்டார், அதற்குப் பிறகு உருளக்கூட யாரும் கூப்பிடவில்லை. எழுபத்து மூன்று வயது. பவுடர் தேவைப்படாத வயது வந்த பிறகு வேஷம் இல்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? காலையில் ஹல்வா பூரி, மாலையில் கிருஷ்ண நகர் முனைக் கடையில் டீ, நடுவில் ரஃபியாவோடு சண்டை.

அப்போதுதான் ரமீன் வந்தாள். முப்பது வயதுகூட ஆகாத இயக்குனர். கையில் ஒரு கிலோ மாம்பழத்தோடு நேராக வீட்டுக்கே வந்து, கூடத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பாஜி, மகளோட மொகம் கொடுத்துப் பேசாத அப்பா. மொத்தக் கதையிலேயும் தள்ளியே நிக்கிறார். கடைசிக் காட்சியிலே அவ தலையிலே கையை வெக்கிறார். நெஜமா வெக்கிறார். இந்த நாட்டிலே உங்க கை எறங்கினா மட்டும்தான் அதுக்கு அர்த்தம். எங்கம்மா அதைப் பாக்கணும்னு நாப்பது வருஷமாக் காத்திட்டிருக்கா."

பேக் சாஹிப்புக்குத் தலைகால் புரியவில்லை. "வெச்சுடலாம்மா, இதென்ன பெரிய விஷயம்!" என்றார். வாயெல்லாம் பல்.

அவள் போனதும் ஒத்திகை தொடங்கியது. பூசணிக்காய் மேல் வைத்தார், கை இறங்கியது. குக்கர் மூடி மேல் வைத்தார், இறங்கியது, சுட்டது. பக்ரீதுக்கு வாங்கி முற்றத்தில் கட்டியிருந்த ஆட்டின் தலையில் வைத்தார், அருமையாக இறங்கியது. ரஃபியா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போதுங்க! ரெண்டு நாளாத் தடவித் தடவி, அது உங்களைத்தான் அப்பான்னு நெனச்சிக்கிட்டிருக்கு. நாளைக்குக் கசாப்புக்காரன் வந்தா யார் பதில் சொல்றது?"

"நீ கொஞ்சம் இங்கே வா. தலையைக் குனி."

"நான் ஏன் குனியணும்? இத்தனை வருஷம் குனிஞ்சது பத்தாதா?" என்றாலும் வந்து நின்றாள். கை மேலே போனது. இறங்கியது. இரண்டு விரற்கடை மேலே நின்றது. ரஃபியா ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்தாள். "அய்யோ, மாட்டிக்கிச்சு!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பேக் சாஹிப் கையை மடக்கிக் கக்கத்தில் ஒளித்துக்கொண்டார்.

படப்பிடிப்பு மாடல் டவுனில் ஒரு பங்களாவில். கதையில் மாமாவாக வந்தவர் கைசர் லோதி. அந்த நாளிலிருந்தே வில்லன் வேஷக்காரர், இடிக்குரல், பேக் சாஹிப்புக்கு நாற்பது வருடத்துச் சக்களத்தி மாதிரி. ஒருவர் இல்லாமல் மற்றவருக்குச் சோறு இறங்காது, சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் காலை ஒருவர் வாராமல் இருக்கவும் முடியாது.

கடைசிக் காட்சி. மகளாக நடித்த நய்ரா என்ற பெண் முற்றத்து வாசலில் தலை குனிந்து நின்றாள். பேக் சாஹிப் நடந்து வந்தார். முகத்தில் அப்படி ஒரு பாவம், ஒளிப்பதிவாளனே மூச்சைப் பிடித்துக்கொண்டான். கை மேலே போனது, இறங்கியது, நின்றது. லேசாக நடுங்கியது.

"கட்! பரவாயில்லே அப்பாஜி, இன்னொண்ணு போகலாம்."

இன்னொன்று போனது. அதற்கும் மேல் போனது. எத்தனையாவது டேக் என்று கத்திக்கொண்டிருந்த உதவியாளன் கத்துவதை நிறுத்திவிட்டான். நய்ராவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. லோதி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, போகிற வருகிற ஆள் தலையிலெல்லாம் தட் தட்டென்று கை வைத்துக்கொண்டிருந்தார். "பாரு தஜம்முல், இப்படித்தான். காசா பணமா? டக்குனு வை!"

"உங்கையை எவன் தலையிலே வெச்சாலும் அவன் உருப்பட மாட்டான்டா!"

சிரிப்பு எழுந்தது. ஆனால் ரமீன் சிரிக்கவில்லை. அருகில் வந்து, மிகவும் மரியாதையாகத்தான் சொன்னாள்.

"அப்பாஜி, சாப்பிட்டு ரெஸ்ட் எடுங்க. சாயங்காலத்தோட பங்களா நமக்கு முடிஞ்சுது. முடியலேன்னா கஷ்டப்படுத்திக்க வேணாம். அப்பா ஆஸ்பத்திரியிலே எறந்துட்டதா ஒரு வரி போட்டுட்டு, மாமா வந்து கை வெக்கிற மாதிரி..."

மாமா! லோதி! பேக் சாஹிப் திரும்பி நடந்தார். முற்றத்து மூலையில் நாவல் மரத்தடியில் ஒரு நாற்காலி கிடந்தது. அதில் போய் உட்கார்ந்தார். பழம் விழுந்து நாற்காலியெல்லாம் ஊதாக்கறை. கதாபாத்திரத்தின் வெள்ளைச் சட்டை பாழாகுமே என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. வேஷம் போவது போகட்டும். நாடு முழுக்கத் தலை குனிய வைத்த கை தன் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறதே, இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள் அஃப்ஷான். பெருநாளுக்கு வந்திருந்தாள். குஜ்ரான்வாலாவில் கணக்கு டீச்சர், கையில் டிபன் கேரியர், நடையிலேயே பிரம்பு தெரியும்.

"அம்மா கோஃப்தா குடுத்தனுப்பிச்சா. சாப்பிடுங்க. வாசல்லேர்ந்து பாத்திட்டுத்தான் இருந்தேன். ஏம்ப்பா நிக்குது?"

"தெரியலேம்மா. எறங்கும்போது யாரோ 'கை! கை!'னு கத்துற மாதிரியே இருக்கு."

"வகார் சாஹிப் மவுத்தாகிப் பல வருஷம் ஆச்சுப்பா."

"ஆளு போயிட்டாரு. குரல் போகலே."

அவள் சிரித்தாள். கேரியரைத் திறந்தாள். அவர் தொடவில்லை.

"உங் கல்யாணத்தன்னிக்கும் இதேதான்" என்றார் மெதுவாக. "வெச்சுடலாம்னுதான் தூக்கினேன். சத்தியமா. அதுக்குள்ளே கை தட்டிட்டாங்க. கை தட்டினா நடிகன் அப்படியே நின்னுடுவாம்மா, அது ரத்தத்திலே ஊறிப்போன வியாதி. அப்புறம் நீ ஏதோ சொன்னே, நான் சிரிச்சேன், கார் போயிடுச்சு."

அஃப்ஷான் கேரியர் மூடியைத் துப்பட்டா நுனியால் துடைத்தாள்.

"குஜ்ரான்வாலா வரைக்கும் நான் அழுதிட்டே போனேன், தெரியுமா? வீட்டை விட்டுப் போறதுக்கு அழறான்னு எல்லாரும் தண்ணி குடுத்தாங்க. நான் அதுக்கு அழலே. ஊர்ப் பொண்ணுங்களுக்குக் குடுத்ததைத்தான் எனக்கும் குடுத்தீங்க. எனக்குன்னு ஒண்ணு வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

பேக் சாஹிப் அவளையே பார்த்தார். இருபது வருடக் கேலிக்குள் இது இருந்திருக்கிறதே! கூடச் சேர்ந்து சிரித்தாரே! எழுந்து நின்றார்.

"வா இங்கே."

"அப்பா, சாப்பிடுங்க மொதல்லே."

"வான்னு சொல்றேன்ல!"

அவள் கேரியரைக் கீழே வைத்துவிட்டு வந்து தலையைக் குனிந்தாள். உச்சியில் நரை எட்டிப் பார்த்தது. கை மேலே போனது. முற்றமே திரும்பிப் பார்த்தது. வாயில் நான் ரொட்டியும் கையில் கடாய்க் கோழியுமாக விளக்குக்காரர்கள், ஒப்பனைக்காரி, நய்ரா, எல்லாரும். கை இறங்கியது, இறங்கியது, நின்றுவிட்டது. படுபாவிக் கை! இரண்டு விரற்கடை மேலே நின்று நடுங்கியது.

"அட, இங்கேயும் நின்னுடுச்சே!" என்றார் லோதி.

அஃப்ஷான் தலையை நிமிர்த்தாமலே, கண்ணை மட்டும் மேலே உருட்டிக் கையைப் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள்.

"நீங்க எறங்கலேன்னா போங்க, நான் ஏறி வரேன்."

சொல்லிவிட்டு எக்கினாள். கால் விரல்களை ஊன்றி, குதிகாலைத் தூக்கி, அப்படியே எக்கி, அப்பாவின் உள்ளங்கையில் தலையைக் கொண்டுபோய் முட்டினாள்.

வெயிலில் காய்ந்த தலைமுடி சுடச்சுட இருந்தது. எண்ணெய் வாசனை வந்தது. அதற்கப்புறம் கைக்கு யாரும் ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அழுத்திப் பிடித்துக்கொண்டது. அவள் குதிகால் தரைக்கு இறங்கியது, கையும் கூடவே இறங்கியது, விடவில்லை. பேக் சாஹிப் அழுதார். டிவியில் அழுவதுபோல் ஒரு சொட்டு கன்னத்தில் உருள்கிற அழுகை இல்லை. மூக்கு ஒழுக, தோள் குலுங்க, அசிங்கமாக, சத்தமாக அழுதார். "அப்பா, முடி பிடிச்சு இழுக்குது" என்றாள் அஃப்ஷான். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

லோதி இரண்டு கைகளையும் கை தட்டத் தூக்கினார். என்ன தோன்றியதோ, தாமாகவே இறக்கிக்கொண்டு, தட்டிலிருந்த நான் ரொட்டியைக் கிழித்து வாயில் திணித்துக்கொண்டார். யாரும் கை தட்டவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு முகம் கழுவி, சட்டை மாற்றி, வாசலுக்கு வந்தார்கள். நய்ரா பயந்துகொண்டே கேட்டாள், "அப்பாஜி, நானும் எக்கணுமா?"

"வேணாம் மகளே. இப்போ அதுக்கு வழி தெரிஞ்சுடுச்சு."

வழி தெரிந்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே தெரிந்திருந்தது. கை இறங்கிய வேகத்தில் நய்ரா "அம்மா!" என்று நிஜமாகவே முனகினாள். அந்த முனகலோடுதான் காட்சி வந்தது. ரமீன் "கட்" சொல்ல மறந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

நாடகத்தின் கடைசிப் பகுதி ஒளிபரப்பான வாரம் அஃப்ஷான் லாகூரில்தான் இருந்தாள். ரமீனின் அம்மா போனில் அழுதாளாம். ஆனால் ஊரை முழுக்கத் திருப்திப்படுத்த யாரால் முடியும்? முனைக் கடை டீக்காரன் பேக் சாஹிப்பைப் பார்த்ததும், "என்ன அப்பாஜி, கையை வெச்சுட்டீங்க! பழைய கைதான் கை. எங்க வீட்லே சண்டையே நடக்குது" என்று குறைப்பட்டுக்கொண்டான். லோதியோ போன் போட்டு, "நாப்பது வருஷம் பிச்சுக்கிட்டுப் போன வியாபாரத்தை ஒரே நாள்லே இழுத்து மூடிட்டியேடா" என்றார். பேக் சாஹிப் இருவருக்கும் சிரித்ததோடு சரி.

மறுநாள் காலை அஃப்ஷான் கிளம்பினாள். பையன்கள் காருக்குள் ஏறி, ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். ரஃபியா ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பின்னால் திணித்தாள். வாசலில் அஃப்ஷான் தலையைக் குனிந்தாள். பேக் சாஹிப் கையைத் தூக்கினார். கை இறங்கியது. இரண்டு விரற்கடை மேலே வந்து நின்றது. லேசாக நடுங்கியது.

"அப்பா!" அஃப்ஷான் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

கிழவர் கண்ணைச் சிமிட்டினார். "சும்மா. ஊருக்குக் குடுத்தது அது."

பிறகு கையை இறக்கி அவள் தலையில் வைத்தார். டிரைவர் ஹாரன் அடித்தான். ரஃபியா, "வெயில் ஏறுது, விடுங்க அவளை" என்றாள். அவர் எடுக்கவில்லை.